காட்சிக்கு வைத்த தேர்தல்: தைவானில் சர்வாதிகாரம் எப்படி மாறியது?

(பேசிய எபிசோடைப் படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

இந்த எபிசோடு ஒரு டீக்கடையில ஆரம்பிச்சது. ஆபீஸ் பக்கத்துல நாங்க வழக்கமா நிக்கிற கடை. எதிர்ல ரோட்டைத் தோண்டிப் போட்டு மூணு மாசமா மூடாம வச்சிருந்தாங்க. அதைப் பார்த்துட்டு என் கூட வேலை பார்க்கிற அண்ணன் ஒருத்தர் சொன்னார்: "ஒரு இருபது வருஷம் ஸ்ட்ரிக்ட்டான ஒரு ஆள் கையில நாட்டைக் கொடுக்கணும்டா. முதல்ல நாடு முன்னேறும். அப்புறம் ஜனநாயகம் தானா வரும். தைவானைப் பாரு."

எனக்கு அப்போ பதில் தெரியல. நான் தினமும் கோடு எழுதுற லேப்டாப்போட சிப் தைவான்ல செஞ்சது. அந்த நாட்டோட அரசியல் வரலாறு பத்தி எனக்குத் தெரிஞ்சது பூஜ்யம். அதனால சில வாரம் உட்கார்ந்து படிச்சேன். அண்ணன் சொன்னதுல பெரும்பகுதி சரிதான். தைவான்ல சர்வாதிகாரம் இருந்தது. நாடு வேகமா வளர்ந்தது. பிறகு ஜனநாயகம் வந்தது. மூணும் உண்மை. அவர் சொன்னதுல ஒரே ஒரு வார்த்தைதான் தப்பு. "தானா" என்கிற வார்த்தை. இன்னைக்கு அந்த ஒரு வார்த்தையைப் பத்தித்தான் பேசப் போறேன்.

சிகரெட் விற்ற பெண்

1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானின் காலனி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றதும் தீவு சீனக் குடியரசின் கைக்குப் போனது. அப்போது சீனாவை ஆண்டது சியாங் கை ஷேக்கின் குவோமின்டாங் கட்சி. தீவு மக்கள் முதலில் அவர்களை வரவேற்கத்தான் செய்தார்கள். ஆனால் வந்த நிர்வாகம் ஊழலும் விலைவாசி உயர்வுமாக இருந்தது.

1947 பிப்ரவரி 27ஆம் தேதி சாயங்காலம், தைபே நகரத்துல, வரி கட்டாத சிகரெட் வித்த ஒரு பெண்ணை அரசு ஏஜென்ட்கள் தலையில அடிக்கிறாங்க. கூட்டம் கூடுது. துப்பாக்கிச் சூட்டில் வேடிக்கை பார்த்த ஒருத்தர் சாகிறார். மறுநாள் தீவு முழுக்கக் கிளர்ச்சி. மார்ச் மாதம் சீனாவிலிருந்து படை வந்து இறங்கியது. 1992ல் தைவான் அரசே வெளியிட்ட அறிக்கை, கொல்லப்பட்டவர்கள் 18,000 முதல் 28,000 வரை இருக்கலாம் என்று சொல்கிறது. அன்றைக்குத் தீவின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம்தான். படித்தவர்கள், வக்கீல்கள், டாக்டர்கள், உள்ளூர்த் தலைவர்கள் என்று தேடித் தேடிக் கொன்றார்கள்.

1949ல் சீன உள்நாட்டுப் போரில் மாவோவிடம் தோற்று, சியாங் கை ஷேக் தன் அரசையும் ராணுவத்தையும் தைவானுக்கே கொண்டு வந்துவிட்டார். கூடவே பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்தார்கள். அந்த வருடம் மே 20 முதல் ராணுவச் சட்டம். அது நீக்கப்பட்டது 1987 ஜூலை 15 அன்று. 38 வருஷம்! புதுக் கட்சி தொடங்கக் கூடாது, புது நாளிதழுக்கு அனுமதி கிடையாது, பொதுமக்களை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தலாம். பல்லாயிரம் பேர் சிறைக்குப் போனார்கள். ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்கு மரண தண்டனை.

டெமோவுக்குப் போட்ட பட்டன்

இங்கதான் எனக்கு ஆச்சரியமான விஷயம் ஒண்ணு கிடைச்சது. இவ்வளவு கொடூரமான ஆட்சி, 1950லிருந்தே தேர்தல் நடத்தியிருக்கு.

எதுக்கு? சியாங் கை ஷேக் உலகத்துக்கிட்ட, முக்கியமா அமெரிக்காகிட்ட, தன்னை "சுதந்திர சீனா"ன்னு அறிமுகப்படுத்திக்கிட்டார். கம்யூனிஸ்ட் சீனாவில் இல்லாதது எங்ககிட்ட இருக்குன்னு காட்டணும். அதனால் மாவட்டத் தலைவர், மேயர், ஊர்த் தலைவர், மாகாண சபை வரைக்கும் தேர்தல். மேலே, தேசிய அளவில், தேர்தலே கிடையாது. 1947லும் 1948லும் சீனாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே தைபேயில் உட்கார்ந்து, "நாங்கள் மொத்த சீனாவின் பிரதிநிதிகள், சீனாவை மீட்கும் வரை எங்கள் தொகுதியில் தேர்தல் நடத்த முடியாது" என்று 40 வருடத்துக்கும் மேல் பதவியில் இருந்தார்கள். மக்கள் அதற்கு "பத்தாயிரம் வருஷப் பாராளுமன்றம்" என்று பேர் வைத்தார்கள். கடைசிக் காலத்தில் சில உறுப்பினர்களைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து ஓட்டுப் போட வைத்தார்கள்.

உள்ளூர்த் தேர்தலிலும் ஆட்சி பெரும்பாலும் தோற்காது. ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர் கோஷ்டிகளைக் கட்சி கையில் வைத்திருந்தது. ஒரு கோஷ்டிக்கு பஸ் கம்பெனி உரிமை, இன்னொரு கோஷ்டிக்குக் கூட்டுறவுக் கடன் சங்கம். அவர்கள் ஓட்டைத் திரட்டித் தருவார்கள். ஓட்டுக்குப் பணமும் உண்டு. எதிர்த்து நிற்கிறவர் பெரும்பாலும் சுயேச்சையாகத்தான் நிற்க முடியும்.

எங்க வேலையில இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. கிளையன்ட்டுக்கு டெமோ காட்ட அவசரமா ஒரு பட்டன் வைப்போம். பின்னாடி ஒண்ணும் இருக்காது, அழுத்துனா ஏதோ வேலை நடக்குற மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஆனா அது ஸ்கிரீன்ல இருக்கிற வரைக்கும் யாராவது அழுத்திக்கிட்டேதான் இருப்பாங்க. ஒரு நாள் "இது ஏன் வேலை செய்யல?"ன்னு கேட்பாங்க. தைவான் மக்கள் அந்தக் கேள்வியைத்தான் 30 வருஷம் விடாம கேட்டாங்க.

அழுத்திப் பார்த்தவர்கள்

முதல்ல கேட்டவர்கள்ல ஒருத்தர் லெய் சென். இவர் குவோமின்டாங் உள்ளேயே பெரிய ஆளாக இருந்தவர், "சுதந்திர சீனா" என்ற பத்திரிகையை நடத்தியவர். 1960ல், உள்ளூர் அரசியல்வாதிகளோடு சேர்ந்து ஒரு எதிர்க்கட்சி தொடங்க முயற்சி பண்ணினார். செப்டம்பரில் கைது. 10 வருடம் சிறை. கட்சி பிறக்கவே இல்லை.

இந்தச் சம்பவத்தை மட்டும் பார்த்தா முயற்சி தோல்வின்னு தோணும். ஆனா தேர்தல் நிக்கல. 1969ல், இறந்துபோன பழைய உறுப்பினர்களுக்குப் பதிலாகச் சில தேசிய இடங்களுக்குத் தேர்தல் வைத்தார்கள். அதில் ஹுவாங் ஷின்-சியே என்ற சுயேச்சை ஜெயித்தார். பழையவர்களுக்கு ஆயுள் முழுக்கப் பதவி என்று ஆட்சியே விதி வைத்திருந்ததால், இவருக்கும் ஆயுள் முழுக்கப் பதவி!

இந்த மாதிரி ஆட்களுக்கு "டங்வாய்" என்று பேர் வந்தது. "கட்சிக்கு வெளியே" என்று அர்த்தம். கட்சி தொடங்கத் தடை இருந்ததால் "கட்சிக்கு வெளியே இருப்பவர்கள்" என்பதே ஒரு கட்சி மாதிரி ஆகிவிட்டது.

இதற்கிடையில் சமூகமும் மாறியிருந்தது. 1949ல் குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். 1953ல் உழுகிறவனுக்கே நிலம் கொடுத்தார்கள். 1968ல் கட்டாயக் கல்வி 9 வருடமானது. ஏற்றுமதித் தொழிற்சாலைகள் வந்தன. கிராமத்துப் பிள்ளைகள் படித்து வக்கீலானார்கள், சொந்தத் தொழில் தொடங்கினார்கள். இதையெல்லாம் செய்தது அந்த ஆட்சிதான், அதை மறுக்கக் கூடாது. ஆனால் படிப்பும் வருமானமும் வந்த பிறகு அந்தப் பிள்ளைகள் பழைய மாதிரி கைகட்டி நிற்கவில்லை.

1977 நவம்பர். தாவோயுவான் மாவட்டத் தலைவர் தேர்தல். ஷு ஷின்-லியாங், குவோமின்டாங் கட்சியிலிருந்து நீக்கப்பட்டுச் சுயேச்சையாக நிற்கிறார். சோங்லி ஊரில் ஒரு வாக்குச்சாவடியில் ஓட்டை மோசடி செய்வதாகச் செய்தி பரவுகிறது. ஆயிரக்கணக்கானோர் போலீஸ் ஸ்டேஷனைச் சுற்றி வளைக்கிறார்கள். ஸ்டேஷன் எரிகிறது. ஷு ஜெயித்ததாக அறிவிக்கிறார்கள். 1947க்குப் பிறகு மக்கள் இவ்வளவு பெரிசாக எழுந்ததே இல்லை. அவங்க எழுந்தது எதற்கு? தங்க ஓட்டை ஒழுங்கா எண்ணணும் என்பதற்கு. காட்சிக்கு வைத்த தேர்தலை மக்கள் நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ராணுவ நீதிமன்றத்திலிருந்து மக்கள் மன்றத்துக்கு

1979 ஜனவரி 1ஆம் தேதி அமெரிக்கா தைவானை விட்டுவிட்டு பெய்ஜிங்கை அங்கீகரித்தது. 1971லேயே ஐ.நா. இடமும் போயிருந்தது. 1978 டிசம்பரில் நடக்கவிருந்த தேர்தலை ஆட்சி ரத்து செய்தது. மேடை போனதும் டங்வாய் ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். "ஃபார்மோசா" என்று ஒரு பத்திரிகை தொடங்கி, அதன் ஊர் ஊரான அலுவலகங்களையே கட்சிக் கிளை மாதிரி நடத்தினார்கள்.

1979 டிசம்பர் 10, மனித உரிமை தினம். காவோசியுங் நகரத்தில் அவர்கள் நடத்திய ஊர்வலம் போலீசோடு மோதலில் முடிந்தது. பெரிய அளவில் கைது. 1980 மார்ச்சில் முக்கியமான 8 பேர் ராணுவ நீதிமன்றத்தில் நின்றார்கள். அதில் ஹுவாங் ஷின்-சியே இருந்தார், அனெட் லூ, சென் சூ என்ற இரண்டு பெண்களும் இருந்தார்கள். ஷிஹ் மிங்-தேவுக்கு ஆயுள் தண்டனை. மற்றவர்களுக்கு 12, 14 வருடங்கள்.

விசாரணைக்கு முன்னாடி ஒரு கொடூரம் நடந்தது. கைதிகளில் ஒருவரான லின் யி-ஷியுங்கின் வீட்டில், 1980 பிப்ரவரி 28 அன்று, அவருடைய அம்மாவையும் இரட்டைப் பெண் குழந்தைகளையும் யாரோ குத்திக் கொன்றார்கள். அவர் வீடு போலீஸ் கண்காணிப்பில் இருந்த வீடு. கொலைகாரர் யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆட்சி ஒரு கணக்குப் போட்டது. அமெரிக்கா பார்த்துக்கொண்டிருக்கிறது, அதனால் விசாரணையைத் திறந்த நீதிமன்றத்தில் நடத்துவோம், இவர்கள் கலவரக்காரர்கள் என்று நாடே பார்க்கட்டும். இதுவும் காட்சிதான். ஆனால் நிருபர்கள் உள்ளே இருந்ததால், கைதிகள் சொன்னது பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தது. ஜனநாயகம் கேட்பது எப்படி தேசத்துரோகம் ஆகும் என்ற கேள்வியை மக்கள் காலைக் காபியோடு படித்தார்கள்.

1980 டிசம்பரில் தேர்தல் திரும்ப வந்தது. சிறையில் இருந்தவர்களின் மனைவிகள் வேட்பாளர்களாக நின்றார்கள். யாவ் சியா-வென்னின் மனைவி சோவ் சிங்-யு ஜெயித்தார். சாங் சுன்-ஹுங்கின் மனைவி ஷு ஜுங்-ஷு ஜெயித்தார். 1983ல் லின் யி-ஷியுங்கின் மனைவி ஃபாங் சு-மின்னும் ஜெயித்தார். ராணுவ நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீட்டை மக்கள் ஓட்டுப்பெட்டியில் போட்டார்கள்.

ஆட்சி ஏன் விட்டுக்கொடுத்தது?

1975ல் சியாங் கை ஷேக் இறந்த பிறகு அதிகாரம் அவருடைய மகன் சியாங் சிங்-குவோ கையில். ஒரு காலத்தில் ரகசியப் போலீசை நடத்தியவர் இவர். 1986 செப்டம்பர் 28 அன்று டங்வாய் ஆட்கள் தைபேயின் கிராண்ட் ஹோட்டலில் கூடி, சட்டத்துக்கு விரோதமாக, ஜனநாயக முற்போக்குக் கட்சியை அறிவித்தார்கள். 1960ல் லெய் சென்னுக்கு நடந்தது இவர்களுக்கும் நடக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். கைது நடக்கவில்லை. சில நாட்களிலேயே, அமெரிக்கப் பத்திரிகையான வாஷிங்டன் போஸ்டுக்குக் கொடுத்த பேட்டியில், ராணுவச் சட்டத்தை நீக்கப் போவதாக சியாங் சிங்-குவோ சொன்னார்.

"பார்த்தியா, நல்ல சர்வாதிகாரி, அவரே கொடுத்தார்"னு அண்ணன் சொல்வார். அவருக்கு உரிய பங்கைக் கொடுத்துடலாம். அன்னைக்கு அவர் கையில துப்பாக்கி இருந்தது, சுடச் சொல்லியிருக்கலாம், சொல்லல. அது சின்ன விஷயம் கிடையாது.

ஆனா அந்த நேரத்துல அவர் மேஜையில என்னென்ன இருந்ததுன்னும் பார்க்கணும். 1984ல் தைவானின் ராணுவ உளவுத்துறை ஆட்கள் கலிஃபோர்னியாவில் ஹென்றி லியூ என்ற எழுத்தாளரைக் கொல்ல ஏற்பாடு செய்தார்கள். உளவுத்துறைத் தலைவரே தண்டனை பெற்றார், அமெரிக்காவில் பெரிய அவமானம். 1986 பிப்ரவரியில் பக்கத்து நாடான பிலிப்பைன்ஸில் மார்கோஸ் மக்கள் எழுச்சியில் ஓடினார். சிறையில் போட்டால் மனைவி ஜெயிக்கிறார். அடக்குவதற்கு ஆகும் விலை ஏறிக்கொண்டே இருந்தது.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம்னு நான் நினைக்கிறேன். குவோமின்டாங்குக்குத் தேர்தலில் ஜெயிக்கத் தெரியும். 35 வருஷமா காட்சிக்குத் தேர்தல் நடத்தி, பூத் வரைக்கும் ஆள் வச்சு, ஓட்டு வாங்குற பழக்கம் அதுக்கு வந்திருந்தது. நிஜமான தேர்தல் வந்தாலும் நாம ஜெயிப்போம்னு நம்பிக்கை. அந்த நம்பிக்கை சரியாகவும் போனது. 1992ல் முதல் முறையாக முழுப் பாராளுமன்றத்துக்கும் தேர்தல் நடந்தபோது அவர்களுக்கே பெரும்பான்மை. 1996ல் முதல் நேரடி அதிபர் தேர்தலில் அவர்களுடைய லீ டெங்-ஹுய் 54 சதவீத ஓட்டு வாங்கினார்.

1987ல் முடியவில்லை

ராணுவச் சட்டம் போனதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. "தேசத்துரோக" சட்டப்பிரிவு இருந்தது. 1989 ஏப்ரல் 7 அன்று, பேச்சுரிமைக்காகப் பத்திரிகை நடத்திய செங் நான்-ஜுங், தன்னைக் கைது செய்ய போலீஸ் வந்தபோது தீக்குளித்து இறந்தார். 1990 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மாணவர்கள், சியாங் கை ஷேக்கின் நினைவு மண்டபத்துச் சதுக்கத்திலேயே உட்கார்ந்து, பத்தாயிரம் வருஷப் பாராளுமன்றத்தைக் கலைக்கச் சொன்னார்கள். அதிபர் லீ அவர்களுடைய பிரதிநிதிகளைச் சந்தித்தார். அந்த ஜூனில் நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: 1991 டிசம்பர் 31க்குள் பழைய உறுப்பினர்கள் எல்லோரும் விலக வேண்டும். 1992ல் சட்டப்பிரிவையும் திருத்தினார்கள்.

2000ல் குவோமின்டாங் முதல் முறையாக அதிபர் பதவியை இழந்தது. ஜெயித்தவர் சென் ஷுய்-பியன். 1980 விசாரணையில் ஹுவாங் ஷின்-சியேவுக்காக வாதாடிய வக்கீல் இவர். துணை அதிபரானவர், அந்தக் கூண்டில் நின்ற அனெட் லூ. இன்னொரு கைதி சென் சூ, பிறகு காவோசியுங் நகரத்துக்கே மேயரானார். 2008ல் குவோமின்டாங் திரும்ப ஆட்சிக்கு வந்தது, ஓட்டு வாங்கி.

மியான்மரில் ஏன் நடக்கவில்லை?

அப்போ காட்சிக்குத் தேர்தல் வச்சா எல்லா ஊர்லயும் இப்படி மாறிடுமா? இல்ல. மியான்மர் ராணுவம் 2008ல் ஒரு அரசியல் சட்டம் எழுதி, பாராளுமன்றத்தில் 25 சதவீத இடத்தைத் தனக்கே ஒதுக்கிக்கொண்டது. 2015ல் நடந்த தேர்தலில் ஆங் சான் சூ சி கட்சி ஜெயித்தது. 2020ல் மறுபடியும் பெரிய வெற்றி. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் எல்லோரையும் கைது செய்து ஆட்சியை எடுத்துக்கொண்டது. அங்கேயும் மக்கள் தேர்தலை நிஜமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ராணுவ ஆதரவுக் கட்சிக்கு ஓட்டில் ஜெயிக்கும் வாய்ப்பே இல்லை. துப்பாக்கியோ யாருக்கும் கட்டுப்படாமல் ராணுவத்தின் கையிலேயே இருந்தது.

இதை வச்சுப் பார்த்தா எனக்குப் புரிஞ்சது இதுதான். மாற்றத்துக்கு இரண்டு பக்கமும் வேணும். தேர்தல் வெறும் காட்சிதான்னு தெரிஞ்சும், விடாம ஓட்டுப் போட்டு, கணக்குக் கேட்டு, சிறைக்குப் போற மக்கள் ஒரு பக்கம். தோத்தாலும் நாம செத்துப் போக மாட்டோம், மறுபடி வரலாம்னு நம்புற ஆளுங்கட்சி இன்னொரு பக்கம். நாடு பணக்கார நாடாவது உதவும். ஆனா பணம் மட்டுமே இந்த வேலையைச் செஞ்சிடாது.

கடைசியா, சில கடிதங்கள்

1950களில் தைவானில் மரண தண்டனைக்குக் காத்திருந்த கைதிகள் வீட்டுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார்கள். மனைவிக்கு, அம்மாவுக்கு, சிலர் இன்னும் முகம் பார்க்காத குழந்தைக்கு. அந்தக் கடிதங்களில் பல குடும்பத்துக்குப் போகவில்லை. அரசு அவற்றை வழக்குக் கோப்புக்குள் வைத்து மூடிவிட்டது. 50 வருடத்துக்கும் மேல் கழித்து, கோப்புகள் திறந்த பிறகுதான் குடும்பங்கள் அவற்றைத் தேடி வாங்கின. அதற்குள் எத்தனையோ மனைவிகள் இறந்திருந்தார்கள். அப்பாவின் கையெழுத்தை முதல் முறையாகப் பார்த்த பிள்ளைகளுக்கே வயது 50ஐத் தாண்டியிருந்தது.

"இருபது வருஷம் ஒருத்தர் கையில கொடுக்கலாம்"னு டீக்கடையில சொல்றது சுலபம். தைவான்ல அது 38 வருஷம் ஆச்சு. அந்த 38ல யாரோட வீட்டுக்குக் கடிதம் வராமப் போகும்னு கொடுக்கும்போது யாருக்கும் தெரியாது.

இதை அண்ணன்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரிடா, ஆனா இந்த ரோட்டை யாரு மூடுறது?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். வார்டு கவுன்சிலர் நம்பரைத் தேடி எடுத்தோம். மூணு தடவை போன் பண்ணியாச்சு. இன்னும் எடுக்கல, நாளைக்கும் பண்ணுவோம்.